நட்சத்திரக் காதலும் ஊர்ப் பழியும்

ஒரு சினிமா நடிகருக்கும், அவரைப் பேட்டி காண வந்த பத்திரிகை எழுத்தாளரான ஒரு பெண்ணுக்கும் ஏற்படும் காதலைப் பற்றிய ஓர் அமெரிக்க நாவலைக் குறித்து நாம் இன்று எழுதப் புகுந்திருப்பதைப் பார்த்து, நமது வாசகர்களில் சிலர், “உலகத்தில் எழுதுவதற்கு வேறு சங்கதியே கிடைக்கவில்லையா? காதல் கதை படிப்பதுதானா அறிவு பேசுகிறவர்களின் வேலை?” என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் கோவில் மண்டபத்தில் ஆயிரம் பேர் கூடிக் கேட்கும் கதையில் என்ன நீதி சொல்லப்படுகிறது என்று பார்ப்பது எப்படி அவசியமோ, அப்படியே வீட்டிலும் ரயிலிலும் எண்ணற்ற பேர் தனித்தனியே உட்கார்ந்து ஆசையோடு படிக்கும் கதையில் ஆணுக்கு என்ன நீதி, பெண்ணுக்கு என்ன நீதி என்று பார்ப்பதும் அவசியமேயாகும். பெண்ணைப் பற்றி உலகம் மெய்யாகவே என்ன நினைக்கிறது என்பது வேதாந்தப் புஸ்தகங்களைவிட இம்மாதிரிக் கதைகளில்தான் அதிகத் தெளிவாய்த் தெரிகின்றது.

நாம் சொல்லும் நாவலின் பெயர் “ஃபன்னி யூ ஷுட் ஆஸ்க்” என்பது. “நீங்கள் அதைக் கேட்பதுதான் வேடிக்கை” என்று சுமாராக அதற்குப் பொருள் சொல்லலாம். இதை எழுதியவர் எலிஸா சஸ்மன் அம்மையார். 2022-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்நாட்டுப் புஸ்தகக் கடைக்காரர்கள் காதல் நாவல்களைப் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வகை, கண்டதும் காதல் என்றில்லாமல், உமியில் வைத்த நெருப்பைப் போலக் கதை முழுவதும் கனன்று கனன்று கடைசியில் பற்றிக்கொள்ளும் காதலைச் சொல்லுவது. இந்நாவல் அவ்வகையைச் சேர்ந்தது.

கதை இதுதான்: ஹாரோவிட்ஸ் என்னும் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் எழுத்துப் பழகியவர். கூடப் படித்தவர்களெல்லாம் புஸ்தகம் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டிருக்க, இவர் பத்திரிகைகளுக்குச் சில்லறைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது கேப் பார்க்கர் என்னும் பிரபல நடிகரைக் கண்டு எழுதும்படி ஒரு பத்திரிகை இவரை அனுப்புகிறது. அந்த நடிகரோ மோண்டானாவில் பிறந்த அமெரிக்கர். ஜேம்ஸ் பாண்ட் வேஷத்திற்கு அப்போதுதான் நியமிக்கப்பட்டிருப்பவர். 1962-ல் வந்த “டாக்டர் நோ” முதற்கொண்டு அந்தப் படவரிசையில் ஓர் அமெரிக்கர் அவ்வேஷம் போட்டதில்லையாதலால், அவரைச் சுற்றி ஒரே கூச்சல். ஒரு பேட்டியாக ஆரம்பித்தது ஒரு வாரக் கடைசி முழுவதும் நீண்டுபோகிறது. அதைப் பற்றி அப்பெண் எழுதிய கட்டுரை ஊரெங்கும் படிக்கப்பட்டு, அவருக்குப் பேரும் பிழைப்பும் உண்டாகிறது. பிறகு இருவரும் தனித்தனியே வேறு வேறு பேரை மணந்து, அந்த மணங்களும் முறிந்துபோகின்றன. நடிகர் குடியில் விழுந்து எழுந்திருக்கிறார். பத்து வருஷம் கழித்து, அவருடைய விளம்பரக்காரர்கள் அதே பெண்ணை மறுபடியும் பேட்டி எழுதக் கூப்பிடுகிறார்கள். அவர் போகிறார். அன்று நடந்ததும் இன்று நடப்பதும் மாறி மாறிச் சொல்லப்பட்டு, கடைசியில் இருவரும் ஒன்று சேருகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பாகம் அவர்கள் சேர்ந்ததல்ல. இடையிலுள்ள பத்து வருஷந்தான். அந்தப் பத்து வருஷமும் அப்பெண் என்ன எழுதினாலும், எத்தனை புஸ்தகம் போட்டாலும், அவரைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த வாரக் கடைசியில் உங்கள் இருவருக்கும் என்ன நடந்தது? அதாவது, “நீ எழுதிச் சம்பாதித்த பேரா இது, படுத்துச் சம்பாதித்த பேரா?” என்பதைத்தான் நாகரிகமான பாஷையில் கேட்கிறார்கள். அதே வாரக் கடைசியில் அந்த வீட்டில் இருந்தவர் ஓர் ஆணுங்கூட. “நீ நன்றாக நடித்ததால் வேஷம் கிடைத்ததா, பத்திரிகைக்காரியை மயக்கி நல்ல கட்டுரை எழுதிவாங்கியதால் கிடைத்ததா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டு அவருடைய தொழிலை யாராவது மட்டம் தட்டினார்களா? இல்லை. அவருக்கு அது ஒரு பெருமை. இன்னும் ஒரு கதாநாயகப் பட்டம், அவ்வளவே.

இந்த அநீதி அமெரிக்காவில் மட்டும் உள்ளதென்று நமது வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். “முள்மேல் சேலை பட்டாலும், சேலைமேல் முள் பட்டாலும் சேலைக்குத்தான் சேதம்” என்று நம் ஊர்ப் பாட்டிமார்கள் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிறார்கள். “ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவிக்கொள்வான்” என்று ஆண்பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேலை கிழிவது முள்ளின் குணத்தால் என்று யாரும் சொல்லவில்லை. முள்ளை வெட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை. சேலைதான் பத்திரமாய் ஒதுங்கிப் போக வேண்டும். ஆணுக்கு மட்டும் எந்த ஊரிலும் கழுவிக்கொள்ளத் தண்ணீர் தயாராய் இருக்கிறது. நாவலிலுள்ள அமெரிக்கப் பெண்ணுக்குப் பத்து வருஷமாய் அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அறிவைக்கொண்டு யோசித்தால் அந்தக் கேள்வியே அர்த்தமற்றது என்பது விளங்கும். ஒரு தச்சர் செய்த கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்க வேண்டுமானால் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு அத்தச்சர் முந்தின இராத்திரி எங்கே படுத்தார் என்று விசாரிப்பவர் உண்டா? அதுபோலவே கட்டுரை நல்லதா கெட்டதா என்பதைக் கட்டுரையைப் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அப்பெண் அந்த நடிகரோடு கூடியிருந்தாலும் கட்டுரையில் ஓர் எழுத்துக் கூடிவிடாது. கூடாதிருந்தாலும் ஓர் எழுத்துக் குறைந்துவிடாது. அப்படியிருக்க, தான் குற்றமற்றவள் என்று அவர் ரூஜுப்பிக்க வேண்டுமென்பது எதற்காக? ரூஜுப்பித்தாலுந்தான் யார் நம்பப்போகிறார்கள்? ஆமென்றால் கெட்டவள், இல்லையென்றால் பொய்க்காரி, பேசாமலிருந்தால் கள்ளி. மூன்று வாசலிலும் பழி காத்துக்கொண்டிருக்கிறது.

“அப்படியானால் ஒரு நிருபர் தான் எழுதப்போகும் ஆளோடு காதல்கொள்வது தப்பில்லையா?” என்று ஒருவர் கேட்கலாம். இது வேறு கேள்வி, கேட்கத்தக்க கேள்வி. எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் உள்ள சம்பந்தம் இன்னதென்று காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவர்களுக்குத் தெரியவேண்டியது நியாயமே. அது காதலாயிருந்தாலும் சரி, கடன் வாங்கினதாயிருந்தாலும் சரி, ஒரு வேளை விருந்தாயிருந்தாலும் சரி, கட்சி உறவாயிருந்தாலும் சரி. ஆனால் இது தொழிலின் யோக்கியதையைப் பற்றிய கேள்வியாதலால் ஆண் நிருபரையும் பெண் நிருபரையும் ஒன்றுபோலவே கேட்கவேண்டும். முதலாளி வீட்டில் விருந்துண்டு அவர் புகழை எழுதும் ஆண்பிள்ளையைக் கேளாமல், பெண்ணை மாத்திரம் பிடித்துக் கேட்டால் அது யோக்கியதையைப் பற்றிய கவலையல்ல, பழியேயாகும். காதல் கதையின் அவசரத்தில் இந்த நல்ல கேள்விக்கு இந்நாவல் போதிய இடம் கொடுக்கவில்லையென்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, இதெல்லாம் கற்பனைக் கதைதானே, மெய்யாக நடக்குமா என்பவர்களுக்கு ஹாலிவுட்டின் சரித்திரத்திலிருந்தே ஒன்று சொல்லுகிறோம். இங்ரிட் பர்க்மன் என்பவர் ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்து ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த நடிகை. 1945-ல் ஒரு படத்தில் கன்னிகா ஸ்திரீயாகவும், 1948-ல் ஒரு படத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் என்னும் புனிதவதியாகவும் நடித்தார். ஜனங்கள் வேஷத்தையே ஆளென்று நம்பி அவரைப் புனிதவதியாகவே வைத்துக் கொண்டாடினார்கள். 1949-ல் அவர் இத்தாலிக்குப் போய் ரோபர்ட்டோ ரோசெல்லினி என்னும் டைரக்டரின் படத்தில் நடித்தபோது இருவருக்கும் காதல் உண்டாயிற்று. இருவருக்குமே முன்பே கலியாணம் ஆகியிருந்தது. பர்க்மன் கர்ப்பமாயிருக்கிறார் என்ற சேதியை 1949 டிசம்பரில் லூயெல்லா பார்சன்ஸ் என்னும் சினிமா வம்பு எழுத்தாளர் பத்திரிகையில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். 1950 மார்ச்சு 14-ந் தேதி அமெரிக்க செனட் சபையிலேயே எட்வின் ஜான்சன் என்னும் அங்கத்தினர் எழுந்து அவர்களைத் தூற்றி, நடிகர்களின் ஒழுக்கத்தைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்க ஒரு சட்டம் வேண்டுமென்றார்.

தேசத்தின் சட்டசபை ஒரு நடிகையின் கர்ப்பத்தை விசாரித்ததென்றால், அங்கும் எத்தனை மனு எத்தனை வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்! தூற்றியது இருவரையுந்தான். ஆனால் ரோசெல்லினி தம் நாட்டில் தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தார். ஹாலிவுட்டின் கதவு சாத்தப்பட்டது பர்க்மனுக்கே. 1956-ல் வந்த “அனஸ்டாஷியா” படத்தில்தான் அவர் மறுபடியும் அமெரிக்கக் கம்பெனிக்கு நடித்து, 1957-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றார். அந்தச் செனட் சபையில் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு வருத்தம் தெரிவித்து இன்னொரு அங்கத்தினரான சார்லஸ் பெர்சி பேசியதோ 1972-ல். பழி போட ஒரு நாள் போதும். அதை எடுக்க 22 வருஷம் ஆயிற்று. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழியை எழுதிப் பரப்பினவரும் ஒரு பெண்ணே. பெண் எழுத வந்துவிட்டால் மாத்திரம் பெண்ணுக்கு நீதி கிடைத்துவிடாது. எழுதுகிற பேனா யாருடைய நியாயத்தை எழுதுகிறது என்பதுதான் பேச்சு.

ஆகவே சஸ்மன் அம்மையார் தமது கதையில் பிடித்திருக்கும் குற்றம் மெய்யான குற்றம். அதை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதற்காகப் பாராட்டுகிறோம். இன்னும் இரண்டு விஷயத்திற்காகவும் பாராட்டலாம். ஒன்று, கதையிலுள்ள காதல் பொருத்தம் பார்த்தோ, விதி கூட்டிவைத்தோ வருவதல்ல. முதலில் அப்பெண்ணுக்கு அந்நடிகர்மேல் இருந்தது வெறும் மோகம். அவர் படத்தைத் தன் டெலிபோனில் வைத்துக்கொண்டிருந்த மோகம். சாமி படத்தைப் பூஜை அறையில் வைப்பதற்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. அந்தப் படத்திலிருந்து ஆள் இறங்கி வந்து, பயமும் குடியும் தோல்வியும் உள்ள சாதாரண மனிதராகத் தெரிந்த பிறகு, அறிந்து, சண்டையிட்டு, பிரிந்து, மறுபடியும் அறிந்து வருவதுதான் பின்னால் வரும் பிரியம். தெய்வமாயிருக்கிறவரைக்கும் நடிகரைக் காதலிக்க முடியாது, கும்பிடத்தான் முடியும் என்பது இக்கதையில் நன்றாகத் தெரிகிறது.

இரண்டாவது, இருவரும் விவாகரத்து ஆனவர்கள் என்பதை இக்கதை ஒரு களங்கமாகக் கருதவில்லை. ஒத்துப்போகவில்லை, பிரிந்தார்கள், வாழ்க்கை நின்றுவிடவில்லை. இந்த மனோபாவம் அந்நாட்டிற்கும் சும்மா வந்துவிடவில்லை. ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டி ரூஜுப்பித்தாலொழிய கோர்ட்டார் விவாகரத்துக் கொடாத காலம் அங்கும் வெகுநாள் இருந்தது. குற்றம் சாட்டாமலே பிரியலாமென்ற சட்டம் கலிபோர்னியாவில் 1969-ல் செய்யப்பட்டு 1970 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. அதில் கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்ட் ரீகனே முன்னாள் சினிமா நடிகர், விவாகரத்து ஆனவர். சீர்திருத்தக்காரரென்று அவருக்குப் பேரில்லை. இருந்தும் சட்டம் வந்தது. வந்த பிறகுதான் கதைகளிலும் விவாகரத்தான பெண் அழுதுகொண்டே மூலையில் உட்காராமல் எழுந்து நடமாடுகிறாள்.

ஆனால் நம்முடைய முக்கியமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. இந்நாவல், “என்ன நடந்தது?” என்று ஓயாமல் கேட்கும் வம்பர்களைக் குற்றம் சொல்லுகிறது. சரி. ஆனால் வாசகர்களாகிய நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும் கயிறு எது? அதே “என்ன நடந்தது?” என்பதுதானே! அன்றைய சங்கதியைக் கொஞ்சம் சொல்லி நிறுத்துவது, இன்றைய சங்கதிக்குத் தாண்டுவது, மறுபடியும் அன்றைக்குப் போவது, படுக்கையறை வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பி வருவது என்று, மெல்லக் கனியும் கதைகளின் தந்திரமெல்லாம் அந்த ஆவலின்மேல் கட்டப்பட்டதாகும். வம்பு கேட்கிறவர்களை வெளியே நிறுத்திக் கண்டித்துவிட்டு, உள்ளே நமக்கு அதே வம்பைத் தனி இலை போட்டுப் பரிமாறுவதுபோல் இருக்கிறது. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவதால் பழி தானாகவே கழிந்துவிட்டதாக நமக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. நாம் கேட்கிறோம்: அவர்கள் சேராமலே போயிருந்தால், அந்தப் பெண்மேல் போட்ட பழி நியாயமாகிவிடுமா? காதல் ஜெயித்ததால்தான் பெண்ணின் மானம் ஜெயித்தது என்றால், அவள் எழுத்து எப்போது ஜெயிப்பது?

இக்குற்றம் ஆசிரியருடையது மாத்திரமல்ல. முடிவு சந்தோஷமாயிருக்க வேண்டும், ஜோடி சேர்ந்தாக வேண்டும் என்பது அங்குள்ள காதல் நாவல் வியாபாரத்தின் எழுதாத சட்டம். அதற்கு உட்பட்டு எழுதினவர் இவ்வளவாவது சொன்னார் என்பதும் மெய்தான். ஆனால் ஒரு நடிகரும் ஒரு பத்திரிகைப் பெண்ணும் சந்தித்தால் வேறுவிதமாகவும் கதை சொல்ல முடியும் என்பதற்கு நம் தேசத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 1966-ல் சத்யஜித் ராய் என்னும் வங்காள டைரக்டர் “நாயக்” என்று ஒரு படம் எடுத்தார். பரிசு வாங்க டில்லிக்கு ரயிலில் போகும் பிரபல நடிகராக உத்தம் குமாரும், பெண்களுக்கான ஒரு பத்திரிகையை நடத்தும் அதிதி என்னும் பெண்ணாக ஷர்மிளா தாகூரும் நடித்தார்கள். நடிகரை முதலில் அலட்சியமாகப் பார்க்கும் அப்பெண், பேச்சுக் கொடுத்து அவருடைய பயத்தையும் குற்றவுணர்ச்சியையும் தெரிந்துகொண்டு குறிப்பெடுக்கிறார். கடைசியில் அந்தக் குறிப்புகளைக் கிழித்துவிடுகிறார். காதலென்று ஒரு வார்த்தை இல்லை. அவரவர் வழியே போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு மனிதருடைய வேதனை விற்பனைச் சரக்கல்ல என்று தீர்மானித்தவர் அந்தப் பெண். அந்தத் தீர்மானத்தில் இருக்கிற கௌரவம் எந்தக் கலியாண முடிவிலும் இல்லை.

கிழிக்கத்தக்கது இருப்பதுபோலவே அச்சிடத்தக்கதும் இருக்கிறது. 2017 அக்டோபர் 5-ந் தேதி “நியூயார்க் டைம்ஸ்” பத்திரிகையில் ஜோடி காண்டர், மேகன் டூஹி என்னும் இரண்டு பெண் நிருபர்கள், ஹார்வி வைன்ஸ்டீன் என்னும் ஹாலிவுட் படமுதலாளி பல வருஷங்களாகப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதையும், காசு கொடுத்து அவர்கள் வாயை அடைத்ததையும் வெளியிட்டார்கள். ஆஷ்லி ஜட் என்னும் நடிகை தம் பெயரைச் சொல்லியே அதில் பேசினார். அவ்வளவு காலம் அந்தச் சங்கதி வெளிவராமற்போனதற்குக் காசும் பயமும் காரணமென்றால், “நீ ஏன் அவன் அறைக்குப் போனாய்?” என்ற ஊர்க் கேள்வியும் ஒரு காரணம். நாவலில் ஹாரோவிட்ஸைத் துரத்தியதும், மெய்யுலகில் நடிகைகளின் வாயை அடைத்ததும் ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு, “அவன் என்ன செய்தான்?” என்று கேட்க இரண்டு நிருபர்களும், பதில் சொல்ல ஒரு நடிகையும் துணிந்தபோது, பிறகு பல தேசங்களில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த முதலாளி லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் 2022-ல் குற்றவாளியென்று தீர்ப்பாகி, 2023-ல் 16 வருஷ தண்டனை பெற்றார்.

எனவே இந்நாவலைப் படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தாராளமாய்ப் படிக்கட்டும். ஆணும் பெண்ணும் பிரியப்படுவதைப் படித்துச் சந்தோஷப்படுவதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும், “அன்று என்ன நடந்தது?” என்று மனம் துடிக்கும்போது, இதே துடிப்பினால்தானே அப்பெண்ணின் பத்து வருஷ உழைப்பு மண்ணாக்கப்பட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள் என்றுதான் சொல்லுகிறோம். புஸ்தகத்தை மூடின பிறகும், உங்கள் தெருவில் ஒரு பெண் உத்தியோகத்தில் உயர்ந்தாலோ, மேடையில் பேசினாலோ, பத்திரிகையில் எழுதினாலோ, “அவளுக்கு யாருடைய தயவு?” என்று திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் ஆரம்பிப்பார். அப்போது அவரைப் பார்த்து, “அவள் செய்த வேலையில் என்ன குற்றம் கண்டீர், அதைச் சொல்லும்” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவருக்கு மற்றதைக் கேட்க யாதொரு பாத்தியமும் கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.